விமானிக்கு எதற்கு ஸ்பானிஷ் தேர்வு?

மாணவர்களே, உங்கள் வகுப்பில் ஒருவராவது "நான் விமானி ஆவேன்" என்று சொல்லியிருப்பார். உடனே நாம் கேட்பது கணிதம் எப்படி, இயற்பியல் எப்படி, கண்பார்வை சரியாக இருக்கிறதா என்பதுதான். "உனக்குப் பேச வருமா?" என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒரு விமானியின் உரிமத்தில், அவர் வானொலியில் எந்த மொழியில் பேசத் தகுதி பெற்றவர், அந்த மொழியில் எந்த நிலையில் தேறியவர் என்ற குறிப்பும் இருக்கும். எத்தனை மணி நேரம் பறந்த அனுபவம் இருந்தாலும், அந்தக் குறிப்பு இல்லாதவரை அனைத்துலகப் பயணத்தில் விமானம் ஓட்ட விட மாட்டார்கள்.

அந்தக் குறிப்பைப் பெறத்தான் மொழித் திறன் தேர்வு. இதில் பேனாவுக்கு வேலை இல்லை. பேச வேண்டும், கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆங்கிலத்துக்கான தேர்வைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். நாம் இன்று எடுத்துக்கொள்வது ஸ்பானிஷ் மொழிக்கானது. மொழி வேறானாலும் அளவுகோல் ஒன்றுதான். இந்த அளவுகோல் ஏன் வந்தது என்பதைப் புரிய வைக்கும் சில விபத்துகளும் ஸ்பானிஷ் பேசும் மண்ணோடு தொடர்புடையவை.

வானில் இரண்டு மொழிகள்

வானில் எல்லாரும் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். விதி அப்படிச் சொல்லவில்லை. அனைத்துலகப் பொது விமானப் போக்குவரத்து அமைப்பை இக்காவோ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் விதிப்படி, தரையில் இருக்கும் நிலையம் வழக்கமாகப் பேசும் மொழியிலோ ஆங்கிலத்திலோ பேசலாம். அனைத்துலக விமான நிலையங்களில் விமானி கேட்டால் ஆங்கிலம் கிடைக்க வேண்டும். ஆகவே மட்ரிட், பொகோத்தா, மெக்சிகோ நகரம் போன்ற இடங்களில் ஒரே அலைவரிசையில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் மாறி மாறிக் கேட்கும். உள்ளூர் விமானியிடம் கட்டுப்பாட்டாளர் ஸ்பானிஷில் பேசுவார். அடுத்த நொடியே வெளிநாட்டு விமானியிடம் ஆங்கிலத்தில் பேசுவார்.

ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு அதில் என்ன இழப்பு? விமானி தனக்குச் சொல்வதை மட்டும் கேட்பதில்லை. மற்ற விமானங்களுக்குச் சொல்வதையும் கேட்டுத்தான், யார் எங்கே இருக்கிறார்கள் என்ற படத்தை மனத்தில் வரைந்துகொள்கிறார். பாதிப் பேச்சு புரியாவிட்டால் அந்தப் படத்தில் பாதி காலியாகிவிடும். 2000ஆம் ஆண்டு மே 25ஆம் தேதி பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையத்தில் இது நடந்தது. ஒரு பெரிய விமானத்துக்கு மேலெழும்ப அனுமதி பிரெஞ்சு மொழியில் கொடுக்கப்பட்டது. அதே ஓடுபாதையின் நடுப்பகுதியில் நுழையக் காத்திருந்த சிறிய சரக்கு விமானத்தின் விமானிகளுக்குப் பிரெஞ்சு தெரியாது. அவர்களுக்கு ஆங்கிலத்தில் வந்த உத்தரவை நம்பி ஓடுபாதையில் நுழைந்தார்கள். பெரிய விமானத்தின் இறக்கை சிறிய விமானத்தின் விமானி அறையை அறுத்தது. துணை விமானி உயிரிழந்தார். அந்த விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் இரண்டு மொழிகள் கலந்து பேசப்பட்டதும் ஒரு காரணம் என்று விசாரணை சொன்னது.

ஸ்பெயினில் பறக்கப் போகும் ஒருவர் ஏன் ஸ்பானிஷ் குறிப்பையும் உரிமத்தில் வாங்க நினைக்கிறார் என்பது இப்போது புரிந்திருக்கும். அங்கே இந்தத் தேர்வை நடத்தும் மையங்களுக்கு அந்நாட்டின் விமானப் பாதுகாப்பு முகமை அங்கீகாரம் கொடுக்கிறது.

சராசரி கிடையாது

அளவுகோலில் 6 நிலைகள். 4ஆம் நிலைதான் தேர்ச்சி; அதற்குச் செயல்பாட்டு நிலை என்று பெயர். உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், உரையாடும் திறன் ஆகிய 6 திறன்களைத் தனித்தனியாகப் பார்க்கிறார்கள்.

இங்கேதான் பள்ளித் தேர்வுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு. பள்ளியில் ஒரு பகுதியில் மதிப்பெண் குறைந்தால் இன்னொரு பகுதியில் ஈடு கட்டிவிடலாம். இங்கே 6 திறன்களில் எது மிகக் குறைவோ அதுதான் உங்கள் நிலை. உச்சரிப்பில் 6, சொல்வளத்தில் 5, புரிதலில் 3 என்றால் மொத்தத்தில் நீங்கள் 3. தேர்ச்சி இல்லை. கொஞ்சம் கொடுமையாகத் தோன்றினாலும் இதில் நியாயம் இருக்கிறது. அழகாகப் பேசத் தெரிந்து, சொன்னது புரியாத விமானியால் யாருக்கு என்ன பயன்?

ஒருமுறை தேறினால் ஆயுளுக்கும் போதும் என்பதும் இல்லை. 4ஆம் நிலையில் தேறியவர் 3 ஆண்டுக்கு ஒருமுறையும், 5ஆம் நிலையில் தேறியவர் 6 ஆண்டுக்கு ஒருமுறையும் மீண்டும் எழ வேண்டும் என்பது இக்காவோவின் பரிந்துரை. ஐரோப்பிய ஒன்றியம் இதை 4 ஆண்டு, 6 ஆண்டு என வைத்திருக்கிறது. பேசாமல் விட்டால் மொழி துருப்பிடிக்கும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. தாய்மொழியாகப் பேசுகிறவர்களுக்கும் இதே அளவுகோல்தான். மட்ரிட்டில் பிறந்தவராக இருந்தாலும் அவர் உரிமத்தில் மொழிக் குறிப்பு வேண்டும். இந்த ஏற்பாடு 2008 மார்ச் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. பல நாடுகள் தயாராகாததால் 2011 மார்ச் வரை அவகாசம் கொடுத்தார்கள்.

மனப்பாடம் எங்கே முடிகிறது

"வானொலியில் பேசும் சொற்கள் கொஞ்சம்தானே, மனப்பாடம் செய்துவிடலாமே" என்று உங்களுக்குத் தோன்றலாம். பாதி உண்மை. ஓடுபாதைக்கு பீஸ்தா, காற்றுக்கு வியெந்தோ, தகவல் வந்து சேர்ந்தது என்பதற்கு ரெசிபீதோ, மீண்டும் சொல்லுங்கள் என்பதற்கு ரெபீத்தா. இப்படி நிலையான சொற்றொடர்கள் உண்டு. ஒரு மாதம் உட்கார்ந்தால் அவற்றில் பெரும்பாலானவை வந்துவிடும். அவை எல்லாம் வழக்கம்போல் நடக்கும் நாளுக்குப் போதும். வழக்கம் மாறும் நாளுக்கு?

1995 டிசம்பர் 20ஆம் தேதி இரவு. அமெரிக்காவின் மயாமியிலிருந்து கொலம்பியா நாட்டின் காலி என்ற நகரத்துக்கு ஒரு போயிங் 757 வந்துகொண்டிருந்தது. விமான நிலையம் இரு பக்கமும் மலைகள் உயர்ந்த ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிறது. அன்று அங்கே ராடார் இல்லை. விமானம் எங்கே இருக்கிறது என்பது விமானிகள் வாயால் சொன்னால்தான் கட்டுப்பாட்டாளருக்குத் தெரியும். நேராக வந்து இறங்கலாம் என்ற வாய்ப்பு திடீரெனக் கிடைக்க, விமானிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். அவசர அவசரமாகக் கணினியில் ஒரு வழிகாட்டிக் கருவியின் பெயருக்காக ஓர் எழுத்தை அழுத்தினார்கள். கணினியோ பொகோத்தா அருகே இருந்த வேறொரு கருவியை எடுத்துக்கொண்டது. விமானம் மலைப் பக்கம் திரும்பியது.

கட்டுப்பாட்டாளர் கொலம்பியர். விமானிகள் கேட்ட வழி அவருக்குப் பொருத்தமாகப் படவில்லை. எதிரே இருந்தவர்கள் ஸ்பானிஷ் பேசும் விமானிகளாக இருந்திருந்தால், நீங்கள் கேட்பது பொருந்தவில்லையே என்று சொல்லி மேலும் விசாரித்திருப்பேன் என்று பின்னர் விசாரணையாளர்களிடம் அவர் சொன்னார். அதை ஆங்கிலத்தில் சொல்லும் அளவுக்கு அவரிடம் மொழி இல்லை. விமானத்தில் இருந்த 163 பேரில் 159 பேர் இறந்தார்கள்.

விபத்துக்கு முதன்மைக் காரணம் அவர் அல்லர். விசாரணை அறிக்கை விமானிகளின் தவறுகளைத்தான் முதலில் வைக்கிறது. ஆனால் இந்த ஒரு செய்தியை நான் படித்த நாளிலிருந்து மறக்க முடியவில்லை. அவருக்கு வானொலியின் நிலையான ஆங்கிலச் சொற்றொடர்கள் தெரியும். வேலைக்குத் தேவையானதை எல்லாம் படித்தவர். அவரிடம் இல்லாதது, "நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள்? இந்த வழி எனக்குப் புரியவில்லை" என்று இயல்பாகக் கேட்கும் இரண்டு வாக்கியங்கள். அவை எந்தக் கையேட்டின் பட்டியலிலும் இருக்காது.

ஏறக்குறைய 6 ஆண்டுகளுக்கு முன் இதற்கு மறுபக்கமும் நடந்தது. 1990 ஜனவரி 25ஆம் தேதி, நியூயார்க்குக்கு வந்த கொலம்பிய விமானம் ஒன்று மோசமான வானிலையால் வானிலேயே ஒரு மணி நேரத்துக்கும் மேல் காக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. துணை விமானி "முன்னுரிமை வேண்டும்" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எரிபொருள் தீர்கிறது என்றும் சொன்னார். "அவசரநிலை" என்ற சொல்லை மட்டும் சொல்லவே இல்லை. அந்தச் சொல் காதில் விழுந்திருந்தால் கட்டுப்பாட்டாளர்கள் மற்ற விமானங்களை ஒதுக்கி வழி விட்டிருப்பார்கள். நான்கு இயந்திரங்களும் நின்று விமானம் ஒரு குன்றில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் மாண்டார்கள்.

இந்தத் தேர்வு எதை அளக்கிறது என்று இப்போது தெரிகிறதா? பட்டியலில் உள்ள சொற்றொடர்களை அல்ல. பட்டியல் முடிந்த பிறகு உங்களிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்பதை.

காதை ஏமாற்றும் வானொலி

நேரில் பேசும்போது புரிகிற மொழி வானொலியில் புரியாமல் போகும். இதில் கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது. விமான வானொலி சுமார் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளை வீச்சுப் பண்பேற்றம் என்ற முறையில் பயன்படுத்துகிறது. அதில் குரலின் ஒரு குறுகிய பகுதிதான் போகும். சுமார் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி பெரும்பாலும் வெட்டுப்படுகிறது. 'ஸ்', 'ஃப்' போன்ற உரசொலிகளின் ஆற்றல் அதற்கு மேலேதான் அதிகம். அதனால் அவை மங்கிப் போகும்.

ஸ்பானிஷில் 60 என்பது செசெந்தா, 70 என்பது செத்தெந்தா. நடுவில் ஒரே ஒரு மெய்யொலிதான் வேறுபாடு. தொலைபேசியில் எழுபதும் எண்பதும் நமக்குக் குழம்புவதைப் போலத்தான். ஆகவே திசை எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும்: 6க்கு செயிஸ், 7க்கு சியேத்தே, 0க்கு செரோ. எண்களை வரிசையாக ஒப்பிப்பது பயிற்சி ஆகாது. யாராவது கலைத்துப் போட்டு வேகமாகச் சொல்ல, நீங்கள் கேட்டு எழுத வேண்டும்.

இன்னொரு சிக்கல், ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே நேரத்தில் பேசுவது. இரண்டு அலைபரப்பிகளின் அதிர்வெண்கள் துல்லியமாக ஒன்றாக இருக்காது. ஒன்றுக்கும் மற்றதற்கும் 1,000 ஹெர்ட்ஸ் வேறுபாடு இருந்தால், கேட்பவர் காதில் 1,000 ஹெர்ட்ஸ் சீழ்க்கை ஒலி எழும். பேச்சு அதில் மூழ்கிவிடும்.

1977 மார்ச் 27ஆம் தேதி, ஸ்பெயினைச் சேர்ந்த தெனரீஃப் தீவில் லோஸ் ரோதேயோஸ் விமான நிலையத்தில் அந்தச் சீழ்க்கை கேட்டது. மூடுபனியில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஒரே ஓடுபாதையில் இருந்தன. ஒன்று நெதர்லாந்து விமானம், மற்றது அமெரிக்க விமானம். நெதர்லாந்து துணை விமானி, "இப்போது மேலெழும்பலில் இருக்கிறோம்" என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் சொன்னார். ஓடத் தொடங்கிவிட்டோம் என்பது அவர் கருத்து. ஸ்பானியக் கட்டுப்பாட்டாளரோ, புறப்படும் இடத்தில் தயாராக நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். "சரி" என்றார், பிறகு, காத்திருங்கள், நான் அழைக்கிறேன் என்றார். அதே நொடியில் அமெரிக்க விமானி, நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்றார். இரண்டு குரல்களும் மோதிச் சீழ்க்கை ஆயின. நெதர்லாந்து விமானிகளுக்கு "சரி" மட்டும் தெளிவாகக் கேட்டது. 583 பேர் இறந்தார்கள். விமானப் போக்குவரத்து வரலாற்றில் இதைவிட அதிக உயிர்களைப் பறித்த விபத்து கிடையாது.

அதன் பிறகு விதி இறுகியது. மேலெழும்புதல் என்ற சொல்லை அதற்கான அனுமதி கொடுக்கும்போதோ அந்த அனுமதியை நீக்கும்போதோ மட்டும்தான் பயன்படுத்தலாம். மற்ற நேரங்களில் புறப்பாடு என்ற வேறு சொல். ஸ்பானிஷிலும் அப்படியே: தெஸ்பேகே என்பது மேலெழும்புதல், சலீதா என்பது புறப்பாடு. தேர்வுக்குப் படிக்கிறவர் இவை இரண்டையும் ஒரே பொருள் தரும் சொற்களாக எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது. அதேபோல் அனுமதி கிடைத்ததும் ரெசிபீதோ என்று மட்டும் சொல்லி முடிக்கவும் கூடாது. ஓடுபாதை எண்ணோடு முழுவதையும் திருப்பிச் சொல்ல வேண்டும்.

தமிழ் நாக்குக்குச் சில நல்ல செய்திகள்

தமிழ் பேசும் உங்களுக்கு ஸ்பானிஷ் உச்சரிப்பு அவ்வளவு தொலைவு இல்லை. அ, எ, இ, ஒ, உ என்ற ஐந்து உயிர்களே அதற்கும் அடிப்படை. அங்கே 'த' ஒலி, நம் 'த' போலப் பல்லில் நாக்கு பட்டுப் பிறக்கிறது. ஆங்கிலத்து 'ட' அல்ல. ஆங்கிலம் பேசிப் பழகியவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள், நீங்கள் தடுமாற மாட்டீர்கள். பெரோ என்றால் ஆனால், பெர்ரோ என்றால் நாய். மெல்லிய ரகரத்தையும் அதிரும் ரகரத்தையும் பிரித்துக் கேட்கும் காது நமக்கு உண்டு. ஓடுபாதையில் நாய் ஓடும்போது அது பயன்படும்!

5 என்ற எண்ணை மட்ரிட்காரர் நாக்கைப் பற்களுக்கு இடையே வைத்துச் சொல்வார். பொகோத்தாவில் அது சிங்கோ. இரண்டையும் கேட்டுப் பழக வேண்டும். உங்கள் பேச்சில் தமிழ்ச் சாயல் இருப்பது குற்றமில்லை. 4ஆம் நிலையில் தாய்மொழியின் சாயல் இருக்கலாம். அது சில வேளைகளில் மட்டுமே புரிதலுக்குத் தடையாகலாம் என்றுதான் அளவுகோல் சொல்கிறது.

ஆங்கிலத்தைப் போலவே ஒலிக்கும் சொற்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். இந்தோக்சிகாதோ என்றால் ஆங்கிலம் தெரிந்தவர் குடிபோதையில் இருப்பவர் என்று நினைப்பார். ஸ்பானிஷில் பொதுவாக அது உணவோ வேறு எதுவோ உடலில் நஞ்சாகிப் பாதிக்கப்பட்டவரைக் குறிக்கும். பயணி ஒருவருக்கு ஆம்புலன்ஸ் கேட்கும்போது இந்த வேறுபாடு சிறியதல்ல.

தேர்வு அறைக்குள்

வடிவம் மையத்துக்கு மையம் மாறும். பொதுவாக ஒரு நேர்முகம் இருக்கும். ஒரு படத்தைக் காட்டி விவரிக்கச் சொல்வார்கள்: புல்தரையில் சாய்ந்து நிற்கும் விமானம், திறந்த கதவுகள், ஓடும் பயணிகள். ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டு, அந்த விமானிக்கு என்ன சிக்கல், அவர் என்ன கேட்கிறார் என்று வினவுவார்கள். தொடர்ந்து பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

விமானத்தின் டயர் வெடித்துவிட்டது என்று சொல்ல வேண்டும். டயருக்கான நெயுமாத்திகோ என்ற சொல் நாக்கில் வரவில்லை. இங்கே வாயடைத்துப் போகிறவர் 3ஆம் நிலைக்கு இறங்குகிறார். "லா ருவேதா எஸ்தா ரோத்தா, நோ தியேனே ஐரே" என்று சொல்கிறவர் தேறுகிறார். சக்கரம் உடைந்துவிட்டது, அதில் காற்று இல்லை என்பது அதன் பொருள். சின்னப் பிள்ளை பேசுவது போல இருக்கிறது, இல்லையா? இருக்கட்டும். கோபுரத்தில் இருப்பவர் தீயணைப்பு வண்டியை அனுப்ப அது போதும். எதிர்பாராத நிலையில் சொல் கிடைக்காவிட்டால் வேறு சொற்களால் சுற்றி விளக்க முடிகிறதா என்பது 4ஆம் நிலையின் விளக்கத்திலேயே இருக்கிறது. சந்தேகம் வந்தால் கேட்டு உறுதி செய்துகொள்கிறாரா என்பதும் இருக்கிறது. "எனக்குப் புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்" என்று தேர்வாளரிடம் கேட்டால் மதிப்பெண் போய்விடும் என்று அஞ்சிப் புரிந்ததுபோல் தலையாட்டுகிறவர்கள் உண்டு. அந்தத் தலையாட்டலைத்தான் தேர்வாளர் குறித்துக்கொள்வார்.

ஸ்பானிஷ் ஒரு சொல்கூடத் தெரியாத நீங்களும் இந்தப் பயிற்சியை இன்றே செய்து பார்க்கலாம். மலாயிலோ ஆங்கிலத்திலோ, உங்களுக்கு எது கொஞ்சம் தடுமாறுமோ அந்த மொழியில். தாளில் 10 பொருள்களின் பெயர்களை எழுதுங்கள்: டயர், புகை, ஏணி, மின்கலம், மூடுபனி இப்படி. நண்பர் ஒருவர் ஒரு பெயரை எடுக்கட்டும். அந்தப் பெயரைச் சொல்லாமல் 15 விநாடிக்குள் நீங்கள் அதை விளக்க வேண்டும். பக்கத்தில் மின்விசிறியை முழு வேகத்தில் ஓட விடுங்கள், அல்லது நிலையம் கிடைக்காத வானொலியின் இரைச்சலை வையுங்கள். முகம் பார்த்துப் பேசக் கூடாது, முதுகைத் திருப்பி உட்காருங்கள். கைச்சாடை இல்லாமல் பேசுவது எவ்வளவு கடினம் என்று முதல் நிமிடத்திலேயே தெரியும். பிறகு நண்பர் வேண்டுமென்றே ஒரு தகவலைத் தவறாகத் திருப்பிச் சொல்லட்டும். நீங்கள் அதைக் கவனித்தீர்களா, திருத்தினீர்களா என்று கைப்பேசியில் பதிவு செய்து மறுநாள் கேட்டுப் பாருங்கள்.